தேர்தல் அவரை

அழைப்பிதழ் வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் இரண்டு வார்த்தைகள் சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. 'மற்றும் பலர்.'

இளைஞர் உழவர் மன்றத்தின் ஐம்பதாம் ஆண்டு விழா. முன்னாள் தலைவர், ஓய்வு பெற்ற வேளாண் துணை இயக்குநர், சிறப்புக் கேடயம் பெறுகிறார் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதே மன்றத்தில் ஆறு வருடம் செயலாளராக இருந்த அவருடைய மனைவி கடைசி வரிக்குள் போய் ஒடுங்கிவிட்டாள். மற்றும் பலர்.

போன வாரம் அதற்காக மகள் விழாக் குழுவுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்ததும், குழு பயந்துபோய்ச் சமாதானத்துக்கு வந்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். முடிவு இதுதான்: கேடயம் கொடுப்பதற்கு முன் தலைவரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசப்போகிறவள் செயலாளர்.

"அஞ்சு நிமிஷம் என்னைப் புகழணும். ஒத்திகை பார்த்துக்க" என்றார் தலைவர்.

"ஆமா, பார்க்கத்தான் வேணும். திட்டுறதுன்னா ஒத்திகை வேண்டாம். அது மனப்பாடம்."

கல்யாணமாகி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் வீட்டில் அவள் அவரைத் 'தலைவரே' என்றுதான் கூப்பிடுவாள். அவரும் 'செயலாளரே' என்பார். விளையாட்டாக ஆரம்பித்தது. விளையாட்டு போய், பெயர் நின்றுவிட்டது.

இன்று விழா. கூட்டம் மாலை ஐந்து மணிக்கு.

காலை எட்டே காலுக்கு வாசலில் செருப்புச் சத்தம். தலைவர் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். அவள் எட்டிப் பார்த்தாள். ஸ்கேல் நின்றிருந்தார்.

மன்றத்தில் எதற்கெடுத்தாலும் மர அடிக்கோலை நீட்டி அளந்து எழுதுகிற பையனாக இருந்ததால் வந்த பெயர் அது. பிறகு நில அளவைத் துறையில் வேலைக்குப் போய்ப் பெயரைக் காப்பாற்றினார். இப்போது ஓய்வு. மன்றத்தின் பழைய பொருள்களைத் தேடி எடுத்துக் கண்காட்சி மேசையில் வைக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்திருந்தார்கள்.

"உள்ள வாங்க. ஏன் வாசல்லயே நிக்கிறீங்க?"

"வாசப்படி ஒரு பக்கம் எறங்கியிருக்கு. முக்கால் அங்குலம் இருக்கும்" என்றார் ஸ்கேல்.

"நாங்களும்தான் எறங்கியிருக்கோம். அளந்தது போதும், வாங்க."

அவர் வரவில்லை. கக்கத்திலிருந்த நீலநிற நோட்டை எடுத்து நீட்டினார். அட்டை உரிந்திருந்தது. வயல் குறிப்பேடு. எந்தப் பாத்தியில் எந்த விதை, எத்தனை முளைத்தது, எப்போது பூத்தது என்று அவர் கையெழுத்தில் எழுதி வைத்தது.

"மேசையில வைக்கிறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பாக்கணும். பாத்தி ஆறு."

"என்ன இருக்கு அதுல?"

"எனக்கு அப்ப பத்தொன்பது வயசு, செயலாளரம்மா. சொல்ல வேண்டியவர்கிட்ட சொன்னேன். அதோட என் வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சேன். முடியல."

நன்றாக இருக்கும் செருப்பு வாரைக் குனிந்து இரண்டு முறை சரிசெய்தார். போய்விட்டார்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு மேசையில் உட்கார்ந்து பக்கத்தைத் தேடினாள்.

'பாத்தி 6. விதை: தேர்தல் அவரை. விதைத்தது 51. முளைத்தது 48. பூ: ஊதா 31, வெள்ளை 17.'

தேர்தல் அவரை! படித்ததும் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. எந்த விதைப் பட்டியலிலும் இல்லாத ரகம். அந்த மன்றத்தில் மட்டும், ஒரே ஒரு முறை விளைந்தது.

நாற்பத்து மூன்று வருடத்துக்கு முந்திய கதை. வேளாண் பயிற்சி நிலையத்தில் ஓராண்டு தலைமைப் பயிற்சி. மன்றத்துக்கு ஒரே ஓர் இடம். முடித்து வந்தால் அரசு வேலை நிச்சயம். போட்டியில் நின்றவர்கள் இரண்டே பேர்: தலைவர், செயலாளர். தலைவருக்கு வயது இருபத்திரண்டு. செயலாளருக்கு இருபது. அப்போது அவர்களுக்குள் கல்யாணப் பேச்செல்லாம் இல்லை.

காகிதத்தில் எழுதிப் போட்டால் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று விதையால் ஓட்டுப் போட்டார்கள். அறைக்குள் இரண்டு கிண்ணம். தலைவருக்கு வெள்ளை அவரை. செயலாளருக்குக் கறுப்பு அவரை. ஒவ்வொருவராக உள்ளே போய் ஒரே ஒரு விதையை எடுத்து, மூடிய கையோடு வெளியே வந்து பானைக்குள் போட வேண்டும். விதைக்குக் கையெழுத்து ஏது?

எண்ணியவன் உபதலைவர். அவளுடைய சொந்தத் தம்பி. பதினேழு வயது. அதனால் ஒருவரும் சந்தேகப்படவில்லை. ஒருவேளை அவன் தப்பு செய்தாலும் அக்கா பக்கம்தானே செய்வான்?

"வெள்ளை இருபத்தொன்பது. கறுப்பு இருபத்திரண்டு" என்று அறிவித்தான் தம்பி.

அவள் தோற்றாள். கை தட்டினாள். அன்று இருட்டிய பிறகு, நிறம் தெரியாத வெளிச்சத்தில், பானையிலிருந்த ஐம்பத்தொரு விதைகளையும் ஆறாவது பாத்தியில் ஊன்றியதும் அவள்தான். கை ஈரம் பட்ட விதை திரும்ப டப்பாவுக்குப் போகக் கூடாது. ஊன்றிவிட வேண்டும் என்பது மன்றத்து விதி. அந்த விதியை எழுதியவளே அவள்தான்.

பூவை அவள் பார்க்கவில்லை. அப்பா அதற்கு முன்பே காலை முறித்துக்கொண்டு படுத்திருந்தார். அவள் பால் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பாத்திப் பக்கமே போகவில்லை.

இப்போது நோட்டில் விரலை வைத்துக்கொண்டு பார்த்தாள். கறுப்பு அவரை ஊதாவாகப் பூக்கும். வெள்ளை அவரை வெள்ளையாகப் பூக்கும். மன்றத்தில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

ஊதா முப்பத்தொன்று.

முளைக்காத மூன்றும் வெள்ளையாகவே இருந்தாலும் வெள்ளை இருபதுதான்.

மறுபடி கூட்டினாள். பிறகு விரலை மடக்கிக் கூட்டினாள். இருபதும் முப்பத்தொன்றும் ஐம்பத்தொன்று. எந்தப் பக்கமிருந்து கூட்டினாலும் அவள்தான் ஜெயித்திருந்தாள்.

முடி வெட்டிக்கொண்டு தலைவர் திரும்பி வந்து, "எப்படி இருக்கு, செயலாளரே? பத்து வயசு குறைஞ்ச மாதிரி இல்ல?" என்று தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

"குறைஞ்சுதான் இருக்கு" என்றாள் அவள். நோட்டு துணிப்பைக்குள் போய்விட்டிருந்தது. "தம்பி பட்டறை வரைக்கும் போயிட்டு வரேன்."

"இன்னைக்கா? சட்டை தேய்க்கணுமே."

"தேய்ப்புப் பெட்டிக்கு என்னைத் தவிர வேற யாரையும் தெரியாதா?"

தம்பியின் டிராக்டர் பழுதுபார்க்கும் பட்டறை ஊர் எல்லைச் சாலையில் இருந்தது. தகரக் கூரை. பதினொரு மணிக்கே உள்ளே அனல் அடித்தது. ஒரு டிராக்டர் இரண்டாகப் பிளந்து முன்பாதி ஒரு கட்டையிலும் பின்பாதி இன்னொரு கட்டையிலும் நின்றது. நடுவில் தம்பி குந்தியிருந்து டீசல் தட்டில் பல்சக்கரங்களைக் கழுவிக்கொண்டிருந்தான். அறுபது வயது. கழுத்து வரை கறுப்பு எண்ணெய்.

"அக்கா! என்ன இது, மகாராணி பட்டறைக்கு? மாமா பேச்சை உருப்போட்டு உயிரை வாங்குறாரா?"

"நீ எண்ணுறதுல கெட்டிக்காரன்டா. பல்சக்கரத்துக்கு எத்தனை பல்லுன்னு பார்த்தவுடனே சொல்லிடுவ."

"அதுக்கென்ன இப்ப?"

"அவரையை எண்ணினப்ப மட்டும் ஏன்டா தடுமாறின?"

தம்பியின் கை டீசலுக்குள்ளேயே நின்றுவிட்டது. பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை அவன் முழங்கையாலேயே அணைத்தான்.

"யாரு, ஸ்கேலா?"

"ஸ்கேல் ஒண்ணும் சொல்லல. பூ சொல்லிச்சு."

அவள் நோட்டை விரித்துக் காட்டினாள். அவன் அதைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவை அவனுக்கு இல்லை.

"முப்பத்தொண்ணு, இருபது" என்றான். நாற்பத்து மூன்று வருடமாக நாக்கு நுனியிலேயே வைத்திருந்தவன் போல. "முளைக்காத மூணும் வெள்ளைதான்."

"அப்ப அந்த இருபத்திரண்டு எங்கேருந்து வந்துச்சு?"

"இருபதுன்னு சொன்னா ரொம்பக் குறைச்சலா இருக்குமேன்னு… உனக்கு ரெண்டு கூட்டிப் போட்டேன், அக்கா."

அவள் அவனையே பார்த்தாள். சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது.

"முப்பத்தொண்ணைப் பிடுங்கிக்கிட்டு ரெண்டைத் திருப்பிக் கொடுத்தியா? பெரிய மனசுடா உனக்கு."

தம்பி எழுந்து கந்தலில் கையைத் துடைத்தான். துடைத்த கையை மறுபடி துடைத்தான்.

"அப்பா சொல்லித்தான் செஞ்சேன்னு சொல்லிடலாம்க்கா. அவர் வந்து இல்லைன்னு சொல்லப்போறதில்ல. ஆனா அவர் சொல்லல. அவருக்குத் தெரியவே தெரியாது. அவர் கட்டிலோட கிடந்தார். அம்மாவும் இல்ல. நீ ஒரு வருஷம் போயிட்டா அவரை யாரு பார்ப்பா? மாட்டை யாரு பார்ப்பா? நான்தான். அதே வாரம் இந்தப் பட்டறை முதலாளி என்னை வேலை பழக வரச் சொல்லியிருந்தார். பானையைக் கவுத்து எண்ணி முடிச்சேன். கறுப்புக் குவியலைப் பார்த்தேன். என் பட்டறை போச்சுன்னு தோணிச்சு. வெளிய வந்து வாயைத் திறந்தா, வெள்ளைன்னு வருது."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. எனக்கு வேலை பழகணும்க்கான்னு."

"சொன்னா நீ விட்டுக்கொடுத்திருப்ப."

"ஆமா."

"அப்புறம் காலம் பூரா உன் தயவுல வாழ்ந்த மாதிரி ஆயிடும்ல?"

பிளந்து நின்ற டிராக்டருக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். முப்பது வருடம் பால் சங்கத்தில் லேக்டோமீட்டரை மிதக்கவிட்டு, கொஞ்சம் தண்ணீர் கலந்திருந்தாலும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவள் அவள். கூடப் பிறந்தவனை ஒரு நாளும் அளந்து பார்க்கத் தோன்றவில்லை.

"ஸ்கேல் யார்கிட்டயோ சொன்னேன்னார். உங்கிட்டயா?"

தம்பி கந்தலை மடித்துத் தோளில் போட்டான்.

"கேட்டது காதுல விழுந்துதா?"

"வேண்டாம்க்கா. இன்னைக்கு விழா. நாளைக்குப் பேசுவோம்."

"இன்னைக்கு அந்தாளைப் பத்தி அஞ்சு நிமிஷம் நான் பேசணும்டா. நாளைக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?"

அவன் உட்கார்ந்துவிட்டான். டிராக்டர் டயர் மேலேயே.

"பூத்ததும் மாமாவுக்குத்தான் ஸ்கேல் லெட்டர் போட்டான். பயிற்சி நிலையத்துக்கு. முப்பத்தொண்ணு, பதினேழு, எல்லாம் எழுதி, என்ன செய்யலாம்னு கேட்டான். ரெண்டு பக்கத்துக்குப் பதில் வந்துச்சு. ஓட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. எல்லாம் உரத்தைப் பத்தி. அவரையைப் பூக்கிற தருணத்துல மடக்கி உழுதா தழைச்சத்து கூடும், மண்ணுக்கு நல்லது, உடனே உழுதுடுன்னு. அப்பத்தான் பாடத்துல படிச்சிருப்பார்போல. ஸ்கேல் அதைத் தூக்கிக்கிட்டு எங்கிட்ட ஓடி வந்தான். வேற யார் கண்ணுலயும் பூ படுறதுக்குள்ள நாங்க ரெண்டு பேரும்தான் உழுதோம்."

அவள் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். நிதானமாக, மூலை மடங்காமல்.

"அக்கா, ஒரு வாய் தண்ணியாவது…"

"உன் கைத் தண்ணி இப்ப எறங்காதுடா."

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டரை. தலைவர் நிலைக்கண்ணாடி முன் நின்று பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையை அவரே தேய்த்திருந்தார். முதுகில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது.

"'…அன்று ஐம்பத்தொரு இளைஞர்கள் என்மேல் வைத்த நம்பிக்கைதான் இன்று என்னை இந்த மேடையில் நிறுத்தியிருக்கிறது.' எப்படி இருக்கு, செயலாளரே? நம்பிக்கைன்னு சொல்ற இடத்துல கொஞ்சம் நிறுத்தலாமா?"

"நிறுத்துங்க. அங்கதான் நிறுத்தணும்."

அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏங்க, உங்ககிட்ட ஒரு பாடம் கேக்கணும். அவரையைப் பூக்கிற தருணத்துல மடக்கி உழுதா தழைச்சத்து கூடுமாமே?"

கண்ணாடியிலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. சிரிப்பதற்கான காரணம் மட்டும் முகத்தை விட்டுப் போய்விட்டது. மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த கை பொத்தானிலேயே இருந்தது.

"யாரு சொன்னா?"

"நீங்கதான். ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க."

அவர் திரும்பினார். கட்டிலில் உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். முப்பத்தைந்து வருடம் விவசாயிகளின் எல்லாக் கேள்விக்கும் நின்ற இடத்திலேயே பதில் சொன்ன மனிதர்.

"எனக்கு அப்ப இருபத்திரண்டு வயசும்மா" என்றார். 'செயலாளரே' இல்லை. 'அம்மா'வாகிவிட்டது. "பயிற்சி ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆயிடுச்சு. எனக்குன்னு ஒரு அறை கொடுத்திருந்தாங்க. ஒரு மேசை, ஒரு விளக்கு. அதுக்கு முன்னாடி எனக்குன்னு தனியா ஒரு விளக்கு இருந்ததே இல்ல. லெட்டரைப் படிச்சுட்டு நாலு நாள் சரியா சாப்பிடல. திரும்பி வந்தா ஊரே சிரிக்கும். உன் தம்பி மானம் போகும். அவனையும் நெனச்சுப் பார்த்தேன்."

"எல்லாரையும் நெனச்சிருக்கீங்க."

"உன்னையும்தான்! உன்னை நெனச்சதாலதானே முதல் காரியமா…"

நிறுத்திவிட்டார். நிறுத்தக் கூடாத இடம். நிறுத்திய பிறகுதான் அது அவருக்கே தெரிந்தது.

"சொல்லுங்க. முதல் காரியமா?"

"அது ஒண்ணுமில்ல."

"பயிற்சி முடிச்சு வந்த முதல் வாரம், பெட்டியைக்கூட பிரிக்காம எங்க வீட்டுக்கு வந்து என்னைப் பொண்ணு கேட்டீங்க. எங்கப்பா எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப்போனார். பெரிய வேலைக்குப் போற பையன், மறக்காம வந்து கேட்டான்னு. நானும் பூரிச்சுப்போனேன்." அவள் குரல் உயரவில்லை. "அது பரிகாரமா?"

"அப்படிச் சொல்லாதே."

"எப்படிச் சொல்றது? நீங்களே சொல்லுங்க. நீங்கதான் நல்லா எழுதுவீங்களே."

தலைவர் போட்ட மேல் பொத்தானைக் கழற்றினார்.

"முதல்ல அப்படித்தான். பொய் சொல்லல. உன் இடத்தை எடுத்துக்கிட்டேன், உன்னை நல்லா வச்சுக்கணும்னு ஒரு… ஒரு கணக்கு. அப்புறம் அப்படி இல்லம்மா. அப்புறம் சத்தியமா அப்படி இல்ல."

"எப்பலேர்ந்து அப்புறம்?"

"என்னது?"

"முதல்ல பரிகாரம், அப்புறம் இல்லேன்னீங்களே. அந்த அப்புறம் எப்ப ஆரம்பிச்சுது? மகள் பொறந்தப்பவா, அதுக்கு முன்னாடியா? மாசம் வேண்டாம். வருஷம் சொன்னா போதும். நான் எந்த வருஷத்துலேர்ந்து உங்க பொண்டாட்டின்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

அவர் வாயைத் திறந்தார். அப்போதுதான் தெருவில் கார் ஹாரன் அடித்தது. விழாக் குழு அனுப்பிய வண்டி. கேடயம் வாங்குபவருக்கு மரியாதை. அரை மணி முன்னதாகவே வந்துவிட்டது.

"நீ வர வேண்டாம். உடம்புக்கு முடியலைன்னு சொல்லிடறேன்" என்றார் மெதுவாக.

"நான் ஏங்க வராம இருக்கணும்? எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு. உங்க சட்டையில முதுகுப் பக்கம் மடிப்பு விழுந்திருக்கு."

அவள் மடிப்பை நீவிவிடவில்லை. சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

மன்றத்து அரங்கில் புதுப் பெயிண்ட் மணத்தது. மின்விசிறிகள் பிளாஸ்டிக் பூக்களை மட்டும் ஆட்டின. முதல் இரண்டு வரிசையில் பழைய உறுப்பினர்கள். நரைத்தவர்கள், வழுக்கை விழுந்தவர்கள், காது மந்தமாகிப் பக்கத்து ஆளிடம் "என்ன சொன்னான்?" என்று கேட்பவர்கள். மூன்றாம் வரிசையிலிருந்து இப்போதைய இளைஞர்கள். பாதிப் பேர் கையில் போன்.

வரவேற்புரை நடக்கும்போதே அவள் பழையவர்களை எண்ணி முடித்துவிட்டாள். செயலாளர் புத்தி போகுமா? மேடையிலிருந்த தன்னையும் அவரையும் சேர்த்துப் பதினாறு. தம்பி இல்லை.

கேடயம் மேசை மீது இருந்தது. இப்போதைய மன்றத் தலைவர், முப்பது வயது இருக்கும், அதைக் கையில் எடுத்துத் தயாராக நின்றுகொண்டார்.

அவள் மைக் முன் வந்தாள். சரியாக அந்த நேரம் பின்வாசல் வழியாகத் தம்பி உள்ளே வந்தான். கழுத்தைத் தேய்த்துக் கழுவியிருந்தான். உட்காராமல் கதவோரமே நின்றான். பதினேழு.

"எல்லாருக்கும் வணக்கம். தலைவரைப் பத்தி அஞ்சு நிமிஷம் பேசச் சொன்னாங்க. எனக்கு அவ்வளவு நேரம் வேண்டாம். பழைய உறுப்பினர்கள்கிட்ட ஒரே ஒரு கேள்வி. தலைமைப் பயிற்சிக்கு நாம விதையால ஓட்டுப் போட்டோமே, ஞாபகம் இருக்கா?"

முதல் வரிசையில் சிரிப்பு கிளம்பியது. "மறக்குமா? அவரைத் தேர்தல்!" என்றார் ஒருவர். "எவரை?" என்றார் காது கேளாதவர். அரங்கமே சிரித்தது.

"அன்னைக்கு ரகசிய ஓட்டு. இவ்வளவு வருஷம் ஆச்சு. இனிமே ரகசியம் எதுக்கு? கறுப்பு போட்டவங்க கை தூக்குங்க."

விளையாட்டு என்றுதான் நினைத்தார்கள். சந்தோஷமாகத் தூக்கினார்கள். ஸ்கேல் முதலில் தூக்கினார், முழங்கை மடங்காமல், செங்குத்தாக. பிறகு ஒவ்வொன்றாக. அவள் வாய்க்குள் எண்ணினாள். பத்து. தூக்கியவர்கள் அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தவர்களின் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. நீயுமா? நீயுமா? அப்புறம் எப்படி…?

கதவோரத்தில் இன்னொரு கை எழுந்தது. தம்பி. அக்காவுக்குத்தான் போட்டிருந்தான். போட்டுவிட்டுத்தான் எண்ணப் போயிருந்தான்.

"பதினொண்ணு" என்றாள் அவள் மைக்கில். குரல் ஒரே ஓர் எழுத்தில் மட்டும் இடறியது. "வெள்ளை?"

இப்போது யாருக்கும் விளையாட்டு இல்லை. நான்கு பேர், தவறு செய்தவர்கள் போல, தோள் உயரத்துக்குத் தூக்கினார்கள். அவள் காத்திருந்தாள். மேடையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. தலைவர் கையைத் தூக்கினார். மெதுவாக, ஆனால் முழுதாக. தனக்குத்தானே போட்டுக்கொண்ட ஓட்டு.

"அஞ்சு" என்றாள்.

பிறகு தன் வலது கையைத் தூக்கினாள்.

"ஆறு."

தலைவர் திரும்பி அவள் கையைப் பார்த்தார். கையிலிருந்து முகத்துக்கு வர அவருக்கு நேரம் பிடித்தது.

"நீ… நீ எனக்கா போட்ட?"

காதோடு கேட்பதாகத்தான் அவர் நினைத்தார். மைக் அதை அரங்கத்துக்கே கொடுத்துவிட்டது.

"ஆமாங்க. நீங்க போகணும்னுதான் எனக்கும் ஆசை. கேட்டிருந்தா கொடுத்திருப்பேன்." அவள் கையை இறக்கினாள். "ரெண்டு பேருல ஒருத்தராவது கேட்டிருக்கலாம்."

மைக்கை அதன் தாங்கியில் சரியாகப் பொருத்திவிட்டு மேடைப் படியில் இறங்கினாள். கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் யாரோ ஒருவர் இரண்டு முறை தட்டி நிறுத்தினார். இப்போதைய மன்றத் தலைவர் கனமான கேடயத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, "அம்மா, அப்ப இதை…" என்றார்.

அவள் நடுப்பாதையில் நேராக நடந்து பின்வாசலுக்கு வந்தாள். தம்பி விலகி வழிவிட்டான். பிறகு பொறுக்கமாட்டாமல் பின்னாலேயே வந்து, பட்டறை வண்டியின் கதவைத் திறந்து பிடித்தான். கண் சிவந்திருந்தது.

"ஏறுக்கா. வீட்டுல கொண்டுபோய் விடறேன்."

அவள் ஏறவில்லை. வெயில் இன்னும் சாலையில் இருந்தது. உள்ளே அரங்கில் யாரோ மைக்கைத் தட்டி, "அமைதி, அமைதி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

"எந்த வீட்டுலடா?" என்றாள்.